பாதி கொடுத்தவர்

எதையும் முழுதாக அவர் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. பிஸ்கட்டை இரண்டாக உடைப்பார். வாழைப்பழத்தைத் தோலோடு நடுவில் முறிப்பார். குளிக்கிற புதுச் சவர்க்காரக் கட்டி கையில் கிடைத்தால், தையல் நூலை இழுத்துப் பிடித்து அதைச் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியைப் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டுவார். வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் கிடையாது. நம் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிடுவார்.

"பாதி போதும் புள்ள. மிச்சம் ஒருத்தருக்கு ஆகும்."

பதுளையில் ஹாலிஎல வீதியிலிருந்து சற்று மேலே ஏறினால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே நான் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அரை இடியப்பத்தை என் கையில் வைத்தவர் அவர். பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர் என்பதால் லுணுகலையம்மா. அவ்வளவுதான். விரல் நுனிகளில் வெடிப்புகள், வெடிப்புகளுக்குள் தேயிலைச் சாயம். எத்தனை முறை கழுவிவிட்டாலும் அது போகவில்லை.

அவருக்குப் பக்கத்துக் கட்டில் வெலிமடை டீச்சருடையது. சிங்களப் பாடசாலையொன்றில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும், லுணுகலையம்மாவுக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம். ஆனால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். டீச்சரின் தம்பி மகன் ஊரிலிருந்து கேரட் கொண்டுவந்தால், டீச்சர் ஒன்றை எடுத்து நீட்டி, "அக்கா, பாதி?" என்பார். அந்தச் சொல்லை லுணுகலையம்மாவிடமிருந்துதான் கற்றிருந்தார். சொல்லிவிட்டு இருவரும் சிரிப்பார்கள். லுணுகலையம்மாவுக்குக் கேரட் கடிக்கப் பல் இல்லை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்வார், பிறகு வேறு யாருக்காவது பாதி கொடுப்பார்.

மாத்திரையையும் அவர் அப்படித்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியவர ஏழெட்டு மாதமாயிற்று.

காலையும் மாலையும் மாத்திரை கொடுப்பது என் வேலை. சின்னக் கிண்ணத்தில் போட்டு நீட்ட வேண்டும், விழுங்கும்வரை நிற்க வேண்டும், "வாயத் தொறங்கம்மா" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். லுணுகலையம்மா நல்ல பிள்ளைபோல் வாயைத் திறப்பார், நாக்கைத் தூக்கியும் காட்டுவார். கடைவாய்ப் பல் விழுந்த இடத்தில், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் மாத்திரை உட்கார்ந்திருக்கும். நான் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அது வெளியே வரும், சேலைத் தலைப்பில் துடைபடும், பிறகு தலையணைக்குப் பக்கத்திலிருந்த பவுடர் டப்பாவுக்குள் போகும்.

ஒருநாள் நான் திரும்பிப் பார்த்தபோது டப்பாவின் மூடி அவர் கையில் இருந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாகக் கேப்சூல்கள், வெள்ளை வில்லைகள், எல்லாவற்றின் மேலும் பவுடர் பூத்திருந்தது.

"என்னாம்மா இது?"

"காலைல ஒன்னு போட்டேன்ல? காய்ச்சல் எறங்கிருச்சி. சாயங்காலத்துது மிச்சம்."

"டொக்டர் ஏழு நாளைக்கு எழுதியிருக்காங்க."

"ஏழு நாளு ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு. எனக்கு ரெண்டு நாளுலயே நல்லாயிருச்சே. இன்னும் தின்னா அது அநியாயம் இல்லையா?"

அநியாயம் என்ற சொல்லை அவர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லத்துக்குப் பொறுப்பான மேட்ரனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த அம்மாவைத் திட்டுவார்கள், எனக்கும் ஏச்சு விழும் என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிட்டேன்.

அதற்குக் காரணமாக அவர் ஒரு கதை வைத்திருந்தார். தலைவாரிவிடும் பிற்பகல்களில் சொல்வார். பிள்ளைகள் இரண்டும் சின்னதாக இருந்த காலத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் காய்ச்சல் பரவியது. மகனுக்குத்தான் முதலில் வந்தது. தோட்டத்து மருந்துக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மருந்து கொடுப்பவர் மகன் பெயரை எழுதி ஒரு போத்தல் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் மகளுக்கும் உடம்பு கொதிக்கிறது. வெளியே அடைமழை, மறுபடி மலை இறங்க முடியாது. ஒரு கரண்டி மருந்தை அரையரையாகப் பிரித்து இரண்டு பேருக்கும் ஊற்றினார்.

"அர மருந்துல ரெண்டு புள்ளயும் பொழச்சிச்சி. அன்னைக்கு நான் முழுசா ஒருத்தனுக்கே ஊத்தியிருந்தா?"

மகன் இப்போது கொழும்பில், மகள் குவைத்தில். இரண்டு பேருமே வந்து பார்ப்பதில்லை. அதைப் பற்றி அவர் குறை சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் வந்தது. பெட்ரோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, மருந்துக்கடையில் எதைக் கேட்டாலும் தலையாட்டல். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காதுவலி என்று அழுதாள், காய்ச்சலும் வந்தது. கணவர் கொழும்பில் மேசன் வேலையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. நகரத்தில் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "நாளைக்கழிச்சி வந்து பாருங்க" என்றார். இன்னொருவர் அதுவும் சொல்லவில்லை.

வேலைக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். லுணுகலையம்மா கூப்பிட்டு விசாரித்தார். சொன்னேன். தலையணைப் பக்கம் கைபோட்டு டப்பாவை எடுத்தார். ஆறு கேப்சூல்களை எண்ணி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினார்.

"தொறந்து, பாதித் தூள தேன்ல கொழச்சிக் குடு. சின்னப் புள்ளதானே."

எனக்குத் தெரியும். பயிற்சிக்குப் போனபோது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருத்தருக்குக் கொடுத்த அன்டிபயோடிக்கை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது, பாதியில் நிறுத்தக் கூடாது. நான் வாங்கிக்கொண்டேன். மூன்று கேப்சூல் முடிவதற்குள் மகளுக்குச் சுகமாகிவிட்டது. அது தானாகவே ஆறியிருக்கக்கூடிய காதுவலி என்று பின்னால் எனக்குத் தோன்றியதுண்டு. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. மிச்சமிருந்த மூன்றையும் ஒரு தாளில் சுற்றி, நானே திரும்பக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை டப்பாவில் போட்டு மூடினார்.

"இது வேற யாருக்காச்சும் ஆகும்."

அதன் பிறகு நான் அவரை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. கிண்ணத்தை நீட்டுவேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். யாருக்கு இருமல் என்றாலும் டப்பா திறக்கும். யாருக்குக் கட்டி வந்தாலும் திறக்கும். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

இது அவரைப் பற்றியது. என்னைப் பற்றியது இனிமேல்தான்.

அந்த வருடத்தில் என்னோடு வேலை செய்த பெண் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேர் பார்த்த வேலையை நான் ஒருத்தி பார்த்தேன். இல்லத்தில் நான்கு பேருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் வெலிமடை டீச்சரும் இன்னொரு அம்மாவும். முற்றத்தைத் தாண்டி ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர், அதில் ஒருவர் பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி. நான்கு பேரின் பையையும் நாளுக்கு மூன்று முறை திறந்து வடித்துவிட வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு சோடி கையுறை. முடித்ததும் கழற்றி வீச வேண்டும், கைகழுவ வேண்டும், புதுச் சோடி போட வேண்டும். சட்டம் அதுதான்.

கையுறைப் பெட்டி குறைந்துகொண்டே வந்தது. அடுத்த பெட்டி எப்போது வரும் என்று மேட்ரனுக்கே தெரியாது. "பாத்து மிச்சம் புடிச்சிப் பாவிங்க" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துத்தான் பாவித்தேன். ஒரு சோடியைப் போட்டுக்கொண்டு நான்கு கட்டிலுக்கும் போனேன். ஒவ்வொரு கட்டில் முடிந்ததும், குழாயடியில் கையுறையோடு கையைத் தண்ணீரில் அலசிக்கொள்வேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நாலு நாள் செய்து பார்த்தேன், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கையுறைப் பெட்டி திரும்பவும் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் சில வாரம் அப்படியே செய்தேன். தட்டுப்பாடு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அது சோம்பல்.

முதலில் டீச்சருக்குத்தான் காய்ச்சல் வந்தது. பையில் சிறுநீர் கலங்கிக் கறுத்திருந்தது. டொக்டர் வருவது செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு வெள்ளி. லுணுகலையம்மா டப்பாவைத் திறந்து டீச்சருக்கு இரண்டு கேப்சூல் கொடுத்தார். நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை டொக்டர் வந்து மருந்து எழுதினார். கேட்கவில்லை. மருந்தை மாற்றினார். அதற்கும் கேட்கவில்லை. டீச்சர் ஆளை அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்கினார், வகுப்பில் நிற்பதுபோல் பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது லுணுகலையம்மா கட்டிலைவிட்டு இறங்கி டீச்சரின் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். விலக்கிவிடத்தான் வேண்டியிருந்தது.

டீச்சர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஐந்தாம் நாளே மற்ற அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் துணிக்கடை முதலாளிக்கு. டொக்டர் மிஸ், நாற்பது வயதிருக்கும், அமைதியானவர், எல்லோருடைய சிறுநீர் மாதிரிகளையும் எடுத்து அனுப்பினார். முடிவு வந்த தாளை என்னிடமும் காட்டினார். மருந்துப் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர் என்ற ஆங்கில எழுத்து. கடைசி ஒன்றைத் தவிர, மேலிருந்து கீழ்வரை அதுதான்.

"ஆர்னு போட்டிருக்கிற மருந்து ஒன்னும் இதுக்கு வேலை செய்யாது. இந்தக் கிருமிக்கு எல்லாம் பழகிப்போச்சு. கடைசியில இருக்கே, இந்த ஊசி ஒன்னுதான். அது ஆஸ்பத்திரியிலதான் போடலாம்."

அந்த ஊசியில் மற்ற அம்மா பிழைத்தார். முதலாளியும் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு நடக்கவில்லை. லுணுகலையம்மாவுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய மாதிரியிலும் அதே கிருமி இருந்தது.

மேட்ரனுக்கு அது போதுமாக இருந்தது. அலுமாரி, தலையணை, படுக்கை எல்லாவற்றையும் புரட்டச் சொன்னார். பவுடர் டப்பா அகப்பட்டது. மேசைமேல் ஒரு தாளை விரித்துக் கொட்டினார். கேப்சூல்கள் உருண்டு ஓடின. அவ்வளவு இருக்குமென்று நானே நினைக்கவில்லை.

"இதெல்லாம் என்னாம்மா? ஒங்களுக்குக் குடுத்ததத் திங்காம சேத்து வச்சிருக்கீங்க! இதனாலதான் கிருமிக்கு மருந்து பழகிப் போச்சி, தெரியுமா? யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

லுணுகலையம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கால்கள் தரைக்கு எட்டவில்லை. நான் மேட்ரனுக்குப் பின்னால் நின்றேன். அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான்.

"டீச்சருக்கு ரெண்டு குடுத்தேங்க."

"வேற?"

"வேற யாருக்கும் குடுக்கல. நானேதான் வச்சிருந்தேன்."

மேட்ரன் என் பக்கம் திரும்பினார். "நீ பாக்கலியா?"

"இல்ல மிஸ். வாயத் தொறக்கச் சொல்லித்தான் பாப்பேன். தெரியல."

அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து தடையில்லாமல் வந்தன. லுணுகலையம்மா தன் விரல் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தனி அறையில் போட்டார்கள். சாமான் அறையாக இருந்தது அது, ஒரு ஜன்னல் உண்டு. கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. உள்ளே போக நீள அங்கி, முகக்கவசம், புதுக் கையுறை. வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இல்லத்தில் செய்தி பரவிவிட்டது. டீச்சரைக் கொன்ற கிழவி என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. சுவரைத் தாண்டி அவருக்கும் கேட்டிருக்கும்.

அந்த அறையில் அவருக்கு யாருமில்லை. தட்டில் வைத்த பிஸ்கட்டை உடைப்பார், பாதியைத் தட்டிலேயே வைத்திருப்பார். மூன்றாம் நாள் நான் உள்ளே போனபோது அந்தப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"காலைலருந்து ஒன்னும் தின்னிருக்க மாட்ட. இந்தா."

கையுறை போட்ட கையால் வாங்கிக்கொண்டேன். "அப்புறம் தின்னுறேம்மா" என்றேன். வெளியே வந்து, குப்பைக் கூடையின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்து, கையுறையோடு சேர்த்து அதையும் போட்டேன். நிமிர்ந்தபோது ஜன்னலில் அவர் முகம் இருந்தது.

அப்படித்தான் செய்ய வேண்டும், அந்த அறையிலிருந்து எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதில் தவறில்லை. ஆனால் "அப்புறம் தின்னுறேன்" என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் எனக்கு எதையும் நீட்டவில்லை. தட்டில் இருந்ததை முழுதாகத் தின்னவும் இல்லை. பாதி அப்படியே திரும்பி வரும், அதையும் நான்தான் கொட்டுவேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவரை அனுப்பிவிட முடிவு செய்தார்கள். மகன் போனை எடுக்கவில்லை. லுணுகலையிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தார், தோட்டத்தில் வேலை செய்பவர், சட்டைக்கு மேலே பழைய கோட் போட்டிருந்தார். மேட்ரன் பேசப் பேச, தப்பு செய்தவர்போல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சேலைப் பையோடு இருவரும் இறக்கத்தில் இறங்கி பஸ் நிறுத்தத்துக்குப் போனதை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். கீழே போய் வழியனுப்பவில்லை. வேலை இருந்தது என்று வைத்துக்கொண்டேன்.

அவர் போய் ஒரு மாதம் இருக்கும். டொக்டர் மிஸ் எங்களையெல்லாம் கூட்டி, கையுறையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தூளைக் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். இரண்டு வெற்றுப் பைகளை மேசையில் வைத்துவிட்டு, யார் வருகிறீர்கள் என்று பார்த்தார். நான் முன்னால் நின்றேன். என் கையில் கையுறையைப் போடச் சொல்லி, விரல்களில் நீலத்தூளைத் தடவினார்.

"இப்ப இந்தப் பைய தொறந்து மூடுங்க. இனி கிளவுஸக் கழட்டாம அப்படியே தண்ணியில அலசுங்க. நல்லா அலசுங்க. சரி, அடுத்த பைய தொறங்க."

திறந்தேன். பையின் முனையில் நீலம் ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களா? இந்தக் கிருமி எங்க தொடங்குச்சின்னு என்னால சொல்ல முடியாது. மாத்திரைய அரைகுறையாத் தின்னதுலயும் இருக்கலாம், ஆஸ்பத்திரியிலருந்து வந்திருக்கவும் செய்யலாம். ஆனா ஒரு கட்டில்லருந்து இன்னொரு கட்டிலுக்கு எப்படிப் போச்சின்னு சொல்ல முடியும். கையாலதான் போகும். இங்க யாராவது ஒரே சோடிய ரெண்டு பேருக்குப் பாவிச்சீங்களா?"

நான் மேசையிலிருந்த நீலத்தைப் பார்த்தேன்.

"அது அந்த லுணுகலையம்மாவோட மாத்திரையால வந்தது டொக்டர்," என்றார் மேட்ரன்.

லுணுகலையம்மா ஆண்கள் பக்கம் போனதே இல்லை. அவர் கால்களுக்கு அந்த முற்றத்தைத் தாண்ட முடியாது. துணிக்கடை முதலாளிக்கு அவர் ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்ததில்லை. இரண்டு பக்கத்துக்கும் போய்வந்தது நான் மட்டும்தான். இது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்கு விளங்கியது. கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு லுணுகலைக்கு பஸ் ஏறினேன். அவரிடம் சொல்லிவிட்டால் பிறகு மேட்ரனிடமும் சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தேன். பாதையில் மூன்று இடத்தில் விசாரித்து, படிகள் ஏறி அந்த லயத்தைக் கண்டுபிடித்தேன். அண்ணன் மகனின் மனைவி, "உள்ளதான் இருக்காங்க, வாங்க" என்றார். லயத்து அறையான காம்பராவின் மூலையில், பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"வா புள்ள. மகளுக்குச் சொகமா?"

"சொகந்தாம்மா."

தேத்தண்ணி வந்தது. அண்ணன் மகனின் மனைவி வெளியே போனார். நான் வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. டீச்சர் என்னாலதான் செத்தாங்களா?"

"இல்லம்மா."

"நான் ரெண்டு குடுத்தேன்ல. அதுதான் ஆகாமப் போச்சின்னு மேட்ரன் மிஸ் சொன்னாங்களே."

"இல்லம்மா. என்னாலதான். ஒரே கிளவுஸ போட்டுக்கிட்டு நாலு பேருக்கும் பைய வடிச்சேன். கழட்டல. தண்ணியில மட்டும் அலசுனேன். என் கையாலதான் ஒருத்தருலருந்து ஒருத்தருக்குப் போயிருக்கு. டொக்டரே காட்டுனாங்க. நீங்க இல்லம்மா, நான்தான்."

அழுதுகொண்டே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"இதச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தியா? என் மனசு ஆறட்டும்னு?"

"ஆறுதலுக்குச் சொல்லலம்மா. நெசம்."

"நீ நல்லவ. என் பாவத்துல பாதிய எடுத்துக்கப் பாக்குற." என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை என் பக்கமே தள்ளிவிட்டார். "வேணாம் புள்ள. இது முழுசும் எனக்கே இருக்கட்டும்."

எத்தனை முறை எப்படியெல்லாம் சொல்லியும் அவர் நம்பவில்லை. சொல்லச் சொல்ல என்னை இன்னும் நல்லவளாக்கிக்கொண்டே போனார். கடைசியில், பஸ் போய்விடும், மகள் தனியாக இருப்பாள் என்று சொல்லி அவரே என்னை அனுப்பிவைத்தார்.

அவரிடமே எடுபடாத உண்மையை மேட்ரனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அது எனக்கு வசதியான நினைப்பு என்று அப்போதே தெரியும். அவர் இறந்துவிட்டார் என்று அடுத்த மாதம் போன் வந்தது. மேட்ரன் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாவம், நல்ல மனுசி. அந்த மாத்திர பழக்கம் மட்டும் இல்லாட்டி..."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மேட்ரன் பிறகு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழக்கிக்கொடுப்பவள் நான். ஒரு கட்டிலுக்கு ஒரு சோடி என்பதில் என்னைப்போல் கண்டிப்பானவள் இல்லை என்று பேர். மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது, லுணுகலையிலிருந்து வந்த, முற்றத்தைக்கூடத் தாண்ட முடியாத ஓர் அம்மா மாத்திரைகளைச் சேர்த்துவைத்த கதையைச் சொல்வேன். அதனால் ஒரு டீச்சர் இறந்ததையும், ஆண்கள் பக்கத்தில் ஒருவர் நடக்க முடியாமல் போனதையும் சொல்வேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையும் என் நாக்கு தடுமாறியதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்தவள் இரண்டு பிள்ளைகளின் தாய், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்பவள். கதை முடிந்ததும் யோசித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆம்பளைங்க பக்கமும் ஒருத்தருக்கு வந்திச்சின்னு சொன்னீங்களே அக்கா. அந்த அம்மா அங்க போறதில்லன்னா, அங்க எப்படிப் போச்சி? அப்ப இங்க யாரு வேலையில இருந்தா?"

வெளிநாட்டுக்குப் போனவளின் பெயர் என் வாய்வரைக்கும் வந்தது.

"நான்தான்," என்றேன்.

அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.